செத்த பிரபு சூப் கேட்டார்

எங்கள் ஊரில் பழைய பெரிய நாவல்களை யாரும் படிப்பதில்லை. திரும்பப் படிக்கிறார்கள். பல் மருத்துவரின் காத்திருப்பு அறையிலோ, திராட்சை அறுவடை விருந்திலோ, சவ அடக்கம் முடிந்து காபி குடிக்கும் இடத்திலோ பேச்சு வந்தால் போதும், "அதைத்தான் இப்பத் திரும்பப் படிச்சிட்டிருக்கேன்" என்பார்கள். முதல் தடவை எப்போது படித்தீர்கள் என்று கேட்பது நாகரிகமில்லை. தாய்ப்பாலோடு சேர்த்துப் படித்திருப்பார்கள் என்று நாமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான் எதையும் திரும்பப் படித்ததில்லை. ஒழுங்காக முதல் தடவையே படித்ததில்லை. பள்ளி இறுதித் தேர்வுக்கு முன்பே படிப்பை விட்டுவிட்டு, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தவள். அந்த மேசையிலிருந்து எழுந்து போக எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. மாவட்டத் தலைநகரில் செப்டம்பரில் தொடங்கும் நூலக உதவியாளர் பயிற்சி. பள்ளிச் சான்றிதழ் இல்லாதவர்கள் அதில் சேர வேண்டுமென்றால், நகராட்சியின் மாலை வகுப்பில் ஒரு வருடம் இலக்கியம் படித்து, வாய்மொழித் தேர்வில் தேறி, அத்தாட்சி வாங்கிக்கொண்டு போக வேண்டும். தேர்வு வருடத்துக்கு ஒருமுறை. தோற்றால் இன்னொரு வருடம் மேசைதான். மேசையும் இருக்குமா என்பது சந்தேகம்; அந்த இடத்தில் ஒரு தொடுதிரையை வைக்க என்ன செலவாகும் என்று முதலாளி என்னையே விசாரிக்கச் சொல்லியிருந்தார்.

மாலை வகுப்பின் பெயர் 'தினம் ஒரு துளி'. நடத்தியவர் மதாம் கார்பொனேல். வியாழக்கிழமை இலக்கியம், செவ்வாய்க்கிழமை அதே அறையில் மூச்சுப்பயிற்சி, இரண்டுக்கும் அவர்தான். தினமும் காலை ஏழு மணிக்கு எங்கள் கைபேசிக்கு நாவலிலிருந்து ஒன்றரைப் பக்கம் வரும். ஒரு காபி ஆறுவதற்குள் படித்துவிடலாம் என்று நகராட்சியின் சுவரொட்டி உத்தரவாதம் கொடுத்தது. மாபெரும் இலக்கியத்தின் கெட்ட குணம் அதன் நீளம்தான் என்று யாரோ கண்டுபிடித்து, மாத்திரையாக உடைத்துத் தரச் சொல்லியிருந்தார்கள்.

அந்த வருடத்து நாவல் 'உப்பங்கழிச் சீமாட்டி'. எங்கள் ஊர்க்காரர் எழுதியது. அவர் பெயரில் ஒரு தெருவும், அந்தத் தெரு முடியும் இடத்தில் ஒரு வாகன நிறுத்துமிடமும் உண்டு. அந்தக் காலத்து வழக்கப்படி அவர் உயர்குடியினரின் பெயரை முழுதாக எழுத மாட்டார். ஓர் எழுத்தும் ஒரு நட்சத்திரமும்தான். எனவே கதாநாயகி எஸ்* சீமாட்டி, அவள் கணவர் எஸ்* பிரபு.

முதல் வியாழக்கிழமை எல்லோரும் தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டார்கள். பத்திரப் பதிவு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முசியே கஸ்தேன் எழுந்து நின்றே பேசினார்.

"நான் இதை நாலாவது தடவையாத் திரும்பப் படிக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அது என்னைத்தான் படிக்குது."

மருந்துக்கடை உரிமையாளர் மதாம் பொமரே விட்டுக்கொடுக்கவில்லை. "நாலுதானா? நான் எண்ணுறதையே நிறுத்திட்டேன், முசியே."

என் முறை வந்தது. நான் பெயரைச் சொன்னேன். பிறகு என் வாய் தானாகவே, "நானும்... திரும்பத்தான் படிக்கிறேன்" என்றது.

"இந்த வயசுலயே!" என்றார் முசியே கஸ்தேன். "பாராட்டுகள், மத்மசேல்."

வேறு வழியில்லாமல் நான் முறையாகப் படித்தேன். காலையில் துளி வந்ததும் ஒரு தடவை. மதியம், ஓட்டுநர் ஆசிரியர் லுடோ பயிற்சி வண்டியில் சாண்ட்விச் சாப்பிடும்போது அவனுக்குச் சத்தமாக ஒரு தடவை. ராத்திரி, அன்றைக்கு யார் என்ன செய்தார்கள் என்று என் நாட்குறிப்பில் இரண்டு வரி. லுடோவுக்கு இலக்கியத்தில் ஈடுபாடு கிடையாது. ஆனால் ஆசிரியருக்கான இரண்டாவது பிரேக்கில் கால் வைத்தே அவன் வாழ்க்கை போகிறது; யாராவது ஒருவர் ஆபத்தில் இருந்தால் அவனால் கேட்காமல் இருக்க முடியாது.

"சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணா?" என்பான். "டாக்டர் என்ன சொன்னார்?"

"வாயை மூடிட்டுக் கேளு. பிரபு சண்டைக்குச் சவால் விட்டுட்டார்."

"யார்கிட்ட?"

"நாளைக்குத்தான் தெரியும்."

"இதென்ன கொடுமை சிபில், அடுத்த பக்கத்தைத் திருப்பேன்!"

"அடுத்த பக்கம் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு துளிதான்."

ஜனவரியில் பிரபு செத்தார். விடியற்காலை மூடுபனியில், துப்பாக்கிச் சண்டையில், தலையில் குண்டு பாய்ந்து. ஒரு வாரம் முழுக்கச் சவ ஊர்வலம். கறுப்புக் குதிரைகள், அவற்றின் பரம்பரை, அவற்றின் சேணம். பிறகு கல்லறைக் கல், அதில் பொறித்த வாசகம், அதைப் பொறித்த சிற்பியின் இருமல். லுடோ இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று சொன்னால் அவன் மறுப்பான்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்த துளி இப்படித் தொடங்கியது: எஸ்* பிரபு மாடிப்படியிலிருந்து இறங்கி வந்து, கைகளைத் தேய்த்துக்கொண்டு, வெங்காய சூப் தயாரா என்று கேட்டார்.

நான் எங்கோ எதையோ தவற விட்டுவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். தவறு என்றால் அது என்னுடையதாகத்தான் இருக்கும். முந்தைய துளிகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். செத்திருந்தார். நன்றாகவே செத்திருந்தார். ஆனால் இங்கே சூப்புக்கு உட்கார்ந்திருந்தார். போதாததற்கு ஜன்னலுக்கு வெளியே உப்பங்கழியைக் காணவில்லை, மலை தெரிந்தது.

லுடோவுக்குச் சந்தேகமே இல்லை. "காப்பீட்டுப் பணம். செத்த மாதிரி நடிச்சிருக்கான். எங்க மாமாவோட கூட்டாளி ஒருத்தன் இதையே படகை வச்சுப் பண்ணினான்."

"தலையில குண்டு பாய்ஞ்சுது, லுடோ."

"யார் பார்த்தா? மூடுபனின்னு நீதானே சொன்னே?"

வியாழக்கிழமைக்காகக் காத்திருந்தேன். யாராவது கேட்பார்கள். யாராவது கேட்டுத்தானே ஆக வேண்டும்?

முசியே கஸ்தேன்தான் ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் கருத்து வருகிறது என்று பொருள்.

"அந்தப் புகழ்பெற்ற சூப் காட்சிக்கு வந்துட்டோம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். புகழ்பெற்றது என்று அறையில் யாருக்கும் தெரியாமலில்லை.

"முதல் தடவை படிக்கிறவங்களுக்கு இங்கதான் இடிக்கும்," என்றார் மதாம் பொமரே, பரிதாபத்தோடு. "பாவம், 'இவர் செத்துட்டாரே'ன்னு பார்ப்பாங்க."

"அப்படியே பார்ப்பாங்க!" முசியே கஸ்தேன் சிரித்தார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். கொஞ்சம் சத்தமாகவே சிரித்துவிட்டேன்.

"சூப் குடிக்கிறது பிரபு இல்லை," என்று தொடர்ந்தார். "சீமாட்டியோட துக்கம் குடிக்குது."

"அந்த மலை?" நான் கேட்டேன். குரல் எலி மாதிரி வந்தது.

"அதே துக்கம்தான், மத்மசேல். உயரமா."

மதாம் கார்பொனேல் கரும்பலகையில் 'சூப் = இன்மை' என்று எழுதி இரண்டு கோடு போட்டார். எல்லோரும் எழுதிக்கொண்டோம்.

அடுத்தடுத்த வாரங்களில் இன்மைக்கு நல்ல பசி வந்தது. பிரபு வாத்து சாப்பிட்டார், வேட்டைக்குப் போனார், இதுவரை இல்லாத ஒரு தங்கையைக் கல்யாணம் செய்துகொடுத்தார். சீமாட்டிக்கு எங்கிருந்தோ மூன்று பிள்ளைகள் வந்திருந்தார்கள். வகுப்பு எதற்கும் அசரவில்லை. பிள்ளைகளை 'பெறப்படாத நம்பிக்கைகள்' என்று மதாம் பொமரே சொன்னபோது ஒருவர் கைதட்டினார். அந்த நம்பிக்கைகளில் மூத்ததற்கு அம்மை போட்டிருந்தது.

மே மாதத்தில் தேர்வு. எனக்குத் தூக்கம் போனது. இது எனக்கு மட்டும் புரியவில்லை என்றால், நூலகத்தில் எனக்கு என்ன வேலை? ஒரு சனிக்கிழமை நகர நூலகத்துக்குப் போய் நாவலின் முழுப் புத்தகத்தைக் கேட்டேன். நிலவறையிலிருந்து கொண்டுவர நூலகருக்கு அரைமணி நேரம் ஆனது. கன்றுத்தோல் அட்டை, தங்க முத்திரை. முதல் பக்கத்தில், தெ வோபெல் குடும்பத்தின் அன்பளிப்பு என்று அச்சடித்த சீட்டு. அந்தக் குடும்பத்தின் இன்றைய வாரிசு முசியே தெ வோபெல்தான் நகராட்சியின் பண்பாட்டுத் துணைமேயர். எங்கள் தேர்வுக் குழுவின் தலைவரும் அவரே.

பதினாறு பக்கம் படித்தேன். பதினேழாம் பக்கத்தைத் திறக்க முடியவில்லை. அந்தக் காலத்துப் புத்தகங்கள் தாள்மடிப்பு வெட்டாமலேயே விற்பனைக்கு வரும். வாங்கியவர்தான் கத்தியால் வெட்டி வெட்டிப் படிக்க வேண்டும். முதல் மடிப்பை யாரோ வெட்டியிருந்தார்கள். அதற்கப்புறம் கடைசிப் பக்கம் வரை எல்லாம் மூடியே இருந்தது. ஊரே தலைமுறை தலைமுறையாகத் திரும்பப் படிக்கும் புத்தகம்.

"வெட்டலாமா?" என்று கேட்டேன்.

நூலகர் சுற்றிலும் பார்த்துவிட்டு ஒரு காகிதக் கத்தியை நீட்டினார். "வெட்டுங்க. ஆனா மெதுவா. சத்தம் கேட்டா எல்லாரும் வந்து வேடிக்கை பார்ப்பாங்க."

இரண்டு சனிக்கிழமை வெட்டினேன், படித்தேன். பிரபு செத்தார், செத்தே கிடந்தார். சீமாட்டி அழுதுவிட்டு, உப்பளத்தைத் தன் கையில் எடுத்து, வரி வசூலிப்பவனை அலைக்கழித்து, கடைசியில் ஒரு படகோட்டியோடு போய்விடுகிறாள். மலையும் இல்லை, வாத்தும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. நன்றாக இருந்தது. துளித்துளியாக வந்திருந்தால் லுடோ பைத்தியம் பிடித்து வண்டியை ஆற்றில் விட்டிருப்பான் என்று தோன்றும் அளவுக்கு நன்றாக இருந்தது.

வியாழக்கிழமை வகுப்புக்கு முன்னால், தாழ்வாரத்துக் காபி இயந்திரத்தின் பக்கத்தில் மதாம் கார்பொனேலைப் பிடித்தேன்.

"மதாம், பிப்ரவரியிலேர்ந்து நமக்கு வர்றது வேற நாவல்."

அவர் காபிக் குவளையைக் கையில் எடுக்காமலே நின்றார்.

"வேறன்னா?"

"அதே எழுத்தாளரோடதா இருக்கலாம். அதுலயும் ஒரு எஸ்* பிரபு, சீமாட்டி. ரெண்டையும் கணினியில ஒண்ணுக்கு அடியில ஒண்ணா ஒட்டும்போது பாதியில மாறியிருக்கு. நான் புத்தகத்தைப் படிச்சேன்."

"எல்லாத்தையுமா?"

"ஆமா."

"கடைசி வரைக்கும்?" அவர் முகத்தில் கோபம் இல்லை. பொறாமை மாதிரி ஏதோ இருந்தது. "ஆகஸ்ட்டுல ஒரே மதியத்துல வருஷம் முழுக்கத் தேவையானதைக் கோத்து வச்சேன், சிபில். எனக்கு மணிக்கணக்குல சம்பளம். கோக்கிறதுக்குத் தருவாங்க, படிக்கிறதுக்குத் தர மாட்டாங்க."

"ஆனா நீங்க இதைத் திரும்ப..."

"திரும்பத்தான் படிக்கிறேன்," என்றார் சட்டென்று, பக்கத்தில் முசியே கஸ்தேன் கோட்டைக் கழற்றுவதைப் பார்த்து. பிறகு மெதுவாக, "தேர்வுல இதைச் சொன்னே, தலைவர் உன்னைத் தேற விடமாட்டார். அவர் வீட்டுப் புத்தகம் அது. அவர் இதைப் பத்தி ரெண்டு தடவை மேடையில பேசியிருக்கார். சூப்பைப் பத்தியே பேசிட்டு வெளிய வந்துடு, சிபில். உனக்கு அத்தாட்சிதானே வேணும்?"

எனக்கு அத்தாட்சிதான் வேண்டும். பேருந்தில் வீடு திரும்பும் வழியெல்லாம் சூப்பைப் பற்றிப் பேசிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. அதுதான் பயமாக இருந்தது.

தேர்வு நகராட்சிக் கூடத்தில். ஊரார் முன்னிலையில் நடப்பது என்பதால் விரும்பியவர் பின்னால் உட்கார்ந்து கேட்கலாம். தங்கள் முறை முடிந்த முசியே கஸ்தேனும் மதாம் பொமரேயும் முதல் வரிசையில் விரும்பி உட்கார்ந்திருந்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் முசியே தெ வோபெல், கழுத்தில் பட்டுத் துணி. வலப்பக்கம் மதாம் கார்பொனேல், முகம் வெளுத்து. இடப்பக்கம் ஓய்வு பெற்ற பள்ளி ஆய்வாளர் ஒருவர். அவர் வாய் திறந்து நான் பார்க்கவில்லை.

கண்ணாடிக் கிண்ணத்திலிருந்து சீட்டு எடுத்தேன். 'சூப் காட்சியின் பொருள் யாது?'

மதாம் கார்பொனேல் என்னைப் பார்த்து, தெரிந்தும் தெரியாமலும் தலையாட்டினார். பேசு, வந்துவிடு.

வாயைத் திறந்தேன். 'இன்மை' என்ற சொல் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொல்லிவிட்டால், நூலகத்தில் ஒரு நாள் யாராவது வந்து 'இந்தப் புத்தகம் எனக்குப் புரியல' என்று கேட்கும்போது நான் என்ன சொல்வேன் என்றும் தெரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றுவேன்.

"அதுக்குப் பொருள் எதுவும் இல்லை, முசியே. பிரபு செத்துட்டார். சூப் குடிக்கிறவர் வேற நாவல்ல வர்றவர்."

பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"வேற நாவல்," என்றார் முசியே தெ வோபெல், சுவைத்துப் பார்ப்பது போல.

"ஆமா. பாதியில மாறிடுச்சு. எனக்கு இது ரொம்ப நாளா தெரியல. ஏன்னா நான் இதைத் திரும்பப் படிக்கல. இப்பத்தான் முதல் தடவையாப் படிக்கிறேன்."

மதாம் பொமரே மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. என் எடையைச் சொல்லியிருந்தால்கூடக் கூடம் அவ்வளவு கூசியிருக்காது.

"எந்தப் பதிப்பை வச்சுச் சொல்றீங்க, மத்மசேல்?"

"உங்க குடும்பம் நூலகத்துக்குக் கொடுத்த பதிப்பு, முசியே."

அவர் முகம் மலர்ந்தது. "அடடா! அந்தக் கன்றுத்தோல் அட்டையா? பதினாலு வயசுல காய்ச்சல்ல படுத்திருந்தப்ப அதே பிரதியைத்தான் ஒரே மூச்சுல முடிச்சேன். இன்னும் அந்தத் தாள் வாசனை மூக்குல இருக்கு."

தாள்களை நான் போன மாதம்தான் வெட்டினேன். அந்த வாக்கியம் தொண்டை வரை வந்தது. மதாம் கார்பொனேல் மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தார். நான் அதை விழுங்கிவிட்டு வேறொன்றைச் சொன்னேன்.

"அப்ப உங்களுக்கே தெரியும், முசியே. அந்தப் பிரதியில பிரபு சாகிறார். அப்புறம் வரவே மாட்டார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். தெரியாது என்று சொன்னால் அவர் படித்ததில்லை என்றாகும். பிரபு வருவார் என்று சொன்னால், சரிபார்க்கப் புத்தகம் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிறது.

"சந்தேகமில்லாம," என்றார் முசியே தெ வோபெல். "வரவே மாட்டார்."

"அப்ப சூப் குடிக்க முடியாது."

"முடியாது." பட்டுத் துணியைச் சரிசெய்தார். பிறகு, எங்கிருந்தோ ஒரு கதவு திறந்தது போல, அவர் கண்ணில் வெளிச்சம் வந்தது. "ஆனா குடிக்கிறார்! ஆக நீங்க சொல்ல வர்றது, மத்மசேல், ஒரு நாவலுக்குள்ள இன்னொரு நாவல் நுழைஞ்சு, முதல் நாவலோட மரணத்தையே மறுக்குது. எவ்வளவு துணிச்சலான கருதுகோள்!"

"கருதுகோள் இல்லை, முசியே. ஒட்டும்போது நடந்த..."

"ஒட்டு! ஒட்டுன்னே சொல்றாங்க பாருங்க!" ஆய்வாளரிடம் திரும்பினார். ஆய்வாளர் எழுதிக்கொண்டார். "அதைவிட அந்த இன்னொண்ணு. 'நான் முதல் தடவையாப் படிக்கிறேன்.' கள்ளமில்லாத வாசகர்ங்கிற பாவனை. முப்பது வருஷத்துல இந்தக் கூடத்துல யாரும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை."

அது மட்டும் உண்மையாக இருக்கும்.

நான் மறுபடி வாயைத் திறந்தேன். மதாம் கார்பொனேல் எனக்கு முந்திக்கொண்டு, "நேரம் முடிஞ்சது" என்றார்.

வெளியே தாழ்வாரத்தில் முசியே கஸ்தேன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஒட்டு! நான் முதல்லயே அதைத்தான் உணர்ந்தேன். ஆனா வகுப்பு அதுக்குத் தயாரா இல்லை."

"மூணாவது தடவை படிச்சப்பவே எனக்கு உறுத்துச்சு," என்றார் மதாம் பொமரே.

மாலையில் முடிவை ஒட்டினார்கள். நான் தேறியிருந்தேன், சிறப்புப் பாராட்டோடு. அத்தாட்சித் தாளின் அடியில் குழுத் தலைவரின் கையெழுத்தில் ஒரு குறை மட்டும் இருந்தது: 'முதன்முறை படிப்பவர் போன்ற நடிப்பு, சற்றே மிகை.'

லுடோவிடம் காட்டினேன். அவன் இரண்டு தடவை படித்தான்.

"மறுத்து எழுதிப் போடு," என்றான். "பொய்க் குற்றச்சாட்டு இது."

"போட்டா மறுபடி கூப்பிட்டு விசாரிப்பாங்க. மறுபடியும் உண்மையைச் சொல்லணும். இன்னும் அதிக மார்க் போட்டாலும் போட்டுடுவாங்க."

ஜூன் மாதம் ரயிலேறி மாவட்டத் தலைநகருக்குப் போனேன். பயிற்சி மையத்தில் சேர்க்கைக்கு உட்கார்ந்திருந்த பெண்மணி என் தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். அத்தாட்சிக்கு வந்ததும் அவர் விரல் அடியில் இருந்த வரியில் நின்றது. என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"இதுல போட்டிருக்கே... நடிப்பா, நிஜமாவா?"

பொய் சொல்லக் களைப்பாக இருந்தது. "நிஜம்தான், மதாம். முதல் தடவைதான் படிச்சேன்."

அவர் முத்திரையை எடுத்து, மையில் அழுத்தி, என் பெயரின் மேல் ஓங்கிக் குத்தினார். பிறகு தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு முன்னால் குனிந்தார்.

"செப்டம்பர் மூணாம் தேதி, காலை ஒன்பது மணி. இங்க வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க." கொஞ்சம் தயங்கினார். "எப்படி இருந்துச்சு? நல்லா இருக்கா, அந்த நாவல்?"